கரிசல் காட்டில் ஒரு பங்கு: சம்சாரியிடம் நேராக வாங்க 25 குறிப்புகள்

விதைக்கும் முன்பே விவசாயியிடம் பணம் கொடுத்து வைத்து, விளைந்ததும் நமக்குரிய பங்கை வாங்கிக்கொள்ளும் பழக்கம் பல நாடுகளில் பரவியிருக்கிறது. ஜப்பானில் பூச்சிமருந்துக்குப் பயந்த குடும்பப் பெண்கள் விவசாயிகளோடு நேராகப் பேசி வாங்க ஆரம்பித்தார்கள்; 1971-இல் அங்கே இயற்கை வேளாண் சங்கம் பிறந்ததும் அது ஓர் இயக்கமாகவே வளர்ந்தது. அமெரிக்காவில் 1986-இல் இரண்டு பண்ணைகள் இதைத் தொடங்கின. நம் பக்கத்தில், ஆரோவில்லின் சாலிட்யூட் பண்ணை சந்தா கட்டுவோருக்கு விளைந்ததைக் கூடையாகக் கொடுக்கிறது.

அங்கெல்லாம் வாரா வாரம் காய்கறி வரும். விளாத்திகுளம், புதூர், எட்டயபுரம், கோவில்பட்டி வட்டாரத்தில் அது நடக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி வருஷத்துக்கு ஒரு வெள்ளாமை எடுக்கும் மானாவாரி பூமி இது. இங்கே வாரக் கூடை கேட்டால் ஏமாந்துபோவீர்கள். வருஷச் சாமான் கேட்டால் வீடு நிறையும். உளுந்து, பயறு, கம்பு, குதிரைவாலி, மிளகாய் வத்தல், மல்லி என்று பங்கு சேர்வதற்கான குறிப்புகள் இவை.

சேரும் முன்

1. காடா, தோட்டமா?
பேச்சை இந்தக் கேள்வியில் தொடங்குங்கள். மழையை மட்டும் நம்பியிருப்பதைக் காடு என்றும், கிணறு இருப்பதைத் தோட்டம் என்றும் இந்தப் பக்கத்தில் சொல்வார்கள். காட்டுச் சம்சாரியிடம் (விவசாயியை இங்கே சம்சாரி என்பார்கள்) தானியம், பயறு, வத்தல் பேசலாம். கத்தரி, வெண்டை, தக்காளி வேண்டுமென்றால் தோட்டக்காரர் ஒருவரைத் தனியாகப் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒரே ஆளிடம் எதிர்பார்த்தால், அவர் உங்களுக்காகக் கடையில் காய் வாங்கிக் கொடுக்க வேண்டிவரும்.

2. மளிகைச் சிட்டையை எடுங்கள்
மூன்று மாதச் சிட்டையைப் பார்த்தால் வருஷத்தேவை தெரிந்துவிடும். நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் 2 கிலோ உளுந்து, 1 கிலோ பாசிப்பயறு, அரைக்கிலோ வத்தல், அரைக்கிலோ மல்லி ஆகிறது என்று வையுங்கள். வருஷத்துக்கு உளுந்து 24 கிலோ, பயறு 12 கிலோ, வத்தலும் மல்லியும் ஆறு ஆறு கிலோ. விருந்தாள் அதிகம் வரும் வீடென்றால் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். ஆசைக்குக் கூட்டாதீர்கள், மிஞ்சியதை வண்டு தின்னும்.

3. பத்து வீடு சேருங்கள்
ஒரு வீட்டுக்காக யாரும் தனியாக விதைக்க மாட்டார்கள். பத்து வீட்டுக்கு 240 கிலோ உளுந்து வேண்டும். மானாவாரியில் ஏக்கருக்கு இரண்டரை, மூன்று குவிண்டால் கிடைத்தால் நல்ல வருஷம். ஆகப் பத்து வீட்டு உளுந்துக்கு ஏறக்குறைய ஓர் ஏக்கர். பத்து வீட்டு வத்தலுக்குக் கால் ஏக்கர் போதும். "எங்களுக்காக ஓர் ஏக்கர் உளுந்து போடுங்கண்ணாச்சி" என்று இப்படிக் கணக்கோடு கேட்டால் சம்சாரிக்கும் விளங்கும். ஒரே தெரு, ஒரே அலுவலகம், ஒரே பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் என்று சேர்ந்தால் பங்கிடுவதும் எளிது.

4. பல பயிர் போடுகிறவரைத் தேடுங்கள்
இந்த வட்டாரத்தில் இப்போது மக்காச்சோளம் நிறைய. அதில் பெரும்பகுதி கோழித்தீவனத்துக்குப் போகிறது. நாம் உண்ணும் கம்புக்கும் சோளத்துக்கும் இடம் குறைந்துவிட்டது. 2018 முதல் படைப்புழு வேறு மக்காச்சோளத்தைப் படாதபாடு படுத்துகிறது. உளுந்து, கம்பு, குதிரைவாலி, இருங்குச் சோளம், வத்தல், மல்லி என்று நாலைந்து வகை போடுகிறவர் நமக்குத் தோதான ஆள். அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால், ஆளுக்கொரு பயிராக இரண்டு மூன்று சம்சாரிகளிடம் பேசுங்கள்.

5. காட்டைப் போய்ப் பாருங்கள்
இரண்டு தடவை போவது நல்லது. ஆவணியில் போனால் கோடை உழவு நடந்திருக்கிறதா, கரம்பை அடித்திருக்கிறார்களா, ஆட்டுக்கிடை போட்டிருக்கிறார்களா என்று மண்ணைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். கார்த்திகையில் போனால் பயிரும் களையும் தெரியும். மழை பெய்த மறுநாள் போகாதீர்கள். கரிசல் மண் செருப்பில் அப்பிக்கொண்டு காலைத் தூக்க விடாது, வண்டியும் புதையும். நான்கு நாள் வெயில் அடித்த பிறகு போங்கள். போகிறவர்கள் ஒரு சாயங்காலம் களை எடுத்துக்கொடுத்துவிட்டு வந்தால், பேரம் பேசும் வாய் தானாகக் குறையும்.

6. இயற்கை விவசாயமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் 1963-இல் வேலைக்குச் சேர்ந்தது கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில்தான். மானாவாரிச் சம்சாரிக்கு விலை கூடிய உரமும் மருந்தும் கட்டுப்படியாகாது என்று கண்டு 1969-இல் வேலையை விட்டார். பயறு, தானியங்களுக்கு அதிகம் மருந்து அடிக்காத சம்சாரிகள் இன்றும் இங்கே உண்டு; பருத்திக்கும் மிளகாய்க்கும்தான் மருந்து கூடுதல். அதனால் பயிர்வாரியாகக் கேளுங்கள்: இதற்கு என்ன உரம், என்ன மருந்து, எத்தனை தடவை? குறைந்தது ஐந்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை மற்றவர் சோதித்துச் சான்று தரும் 'பிஜிஎஸ் இந்தியா' முறை 2011 முதல் இருக்கிறது. அந்தச் சான்று இருந்தால் நல்லது. சிறு விவசாயி தன் பொருளை நேராக உண்பவருக்கு விற்கும்போது 2017-ஆம் வருஷத்து இயற்கை உணவு விதிகள் சான்றைக் கட்டாயமாக்கவில்லை. கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்வதே நமக்கு முக்கியம்.

7. ஆள் தெரியாவிட்டால்
தெரிந்த சம்சாரி யாரும் இல்லையென்றால் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் விசாரியுங்கள். அந்தப் பகுதி உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களின் விவரமும் அங்கேயே கிடைக்கும். கம்பெனிச் சட்டப்படி பதிவானவை என்பதால் ரசீதும் கணக்கும் ஒழுங்காக இருக்கும். பருப்பு உடைக்கும் இயந்திரமோ குதிரைவாலி தீட்டும் இயந்திரமோ இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கோவில்பட்டி உழவர் சந்தைக்கு விடியற்காலையில் போனால் தோட்டக்காரர்களை நேரில் பிடிக்கலாம்.

8. இலாபம் என்று பேசினால் எழுந்து வந்துவிடுங்கள்
பங்கு சேர்வது சாப்பாட்டுக்கு. "ஒரு லட்சம் போடுங்கள், வருஷம் முடிந்ததும் ஒன்றரை லட்சம்" என்று யாராவது சொன்னால் அது வேறு கதை. 2012-இல் கொங்குநாட்டில் ஈமு கோழியை வைத்து நடந்த மோசடியில் ஆயிரக்கணக்கானோர் சேமிப்பை இழந்தது நினைவிருக்கும். ஒழுங்குமுறைக்கு உட்படாத வைப்புத் திட்டங்களைத் தடைசெய்து 2019-இல் மத்திய அரசு சட்டமே கொண்டுவந்திருக்கிறது. கொடுக்கும் பணத்துக்கு ஈடாக எந்தப் பொருள், எத்தனை கிலோ, எந்த மாதம் என்று தெரியாத இடத்தில் பைசா கொடுக்க வேண்டாம்.

பணமும் பேச்சும்

9. ஆடி கடைசியில் முதல் தவணை
சம்சாரிக்குக் கை இறுகும் காலம் ஆடி, ஆவணி. விதை, உழவுக் கூலி, களை எடுப்பு எல்லாம் அடுத்தடுத்து வரும். அப்போது கமிஷன் கடையில் முன்பணம் வாங்கினால், வத்தலை அந்தக் கடைக்கே, அவர்கள் சொல்கிற விலைக்கே போட வேண்டியிருக்கும். உங்கள் பணம் அந்த முடிச்சை அவிழ்க்க வேண்டும் என்றால் அதற்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். பாதிப் பணம் விதைப்புக்கு முன், கால் பங்கு கார்த்திகையில் களை எடுக்கும்போது, மீதி பொருள் கைக்கு வந்ததும் என்று பிரித்துக்கொண்டால் இரு தரப்புக்கும் நிம்மதி. வங்கிக் கணக்கிலேயே போடுங்கள்.

10. விலையை விதைப்பின்போதே முடித்துவிடுங்கள்
தையில் சந்தை விலை ஏறினாலும் இறங்கினாலும் பேசியது பேசியதுதான் என்று இருக்க வேண்டும். தொடங்குவதற்கு ஓர் அடையாளமாக அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலையைப் பாருங்கள். 2025-26க்கு உளுந்து குவிண்டால் 7,800 ரூபாய், பாசிப்பயறு 8,768 ரூபாய். அதாவது உளுந்து கிலோ 78 ரூபாய். தூற்றி, சலித்து, சாக்கில் கட்டி, ஊர் வரை கொண்டுவரும் கூலியை அதன்மேல் வையுங்கள். மருந்தில்லாமல் விளைவித்ததற்கு ஒரு தொகையும் சேருங்கள். அப்படிச் சேர்த்தது கடைப் பருப்பின் விலையைத் தாண்டினால், ஏன் என்று சிரித்த முகத்தோடு கேட்கலாம்.

11. ஒரு தாளில் எழுதுங்கள்
பெரிய பத்திரம் வேண்டாம். ஒரு வெள்ளைத்தாள் போதும். யார் யார் சேர்ந்திருக்கிறார்கள், எந்தக் காட்டில் எத்தனை ஏக்கர், என்ன பயிர், எத்தனை கிலோ, என்ன விலை, தவணைத் தேதிகள், எந்த மாதம் பொருள் வரும், விளையாவிட்டால் என்ன செய்வது என்று எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள். நிலத்தைக் குறுக்கம் கணக்கில் சொன்னால், ஏக்கரில் எவ்வளவு என்று கேட்டு எழுதுங்கள். மரக்கால், படி என்று வந்தால் கிலோவில் மாற்றிக்கொள்ளுங்கள். பின்னால் வரும் மனத்தாங்கல்கள் பெரும்பாலும் அளவில் இருந்துதான் முளைக்கும்.

12. மழை பொய்த்தால் என்ன என்பதை முதல் நாளே பேசுங்கள்
இந்த ஏற்பாட்டின் உயிரே இதில்தான் இருக்கிறது. கடையில் வாங்குகிறவருக்கு மழை பெய்தாலும் பொய்த்தாலும் ஒன்றுதான். பங்கு சேர்ந்தவர் சம்சாரியின் நஷ்டத்திலும் ஒரு பங்கு எடுத்துக்கொள்கிறார். இங்கே மழை இல்லாமலும் கெடும், மிஞ்சியும் கெடும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தைப் புரட்டிப்போட்ட மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 செ.மீ. பதிவானது. காட்டுப்பன்றி ஒரே ராத்திரியில் விளைந்த கதிரைச் சாய்த்துவிட்டுப் போவதும் உண்டு.

நடைமுறையில் ஒரு வழி: விளைந்தது பாதி என்றால் எல்லா வீட்டுக்கும் பாதிப் பாதி. அடியோடு போய்விட்டால் முதல் தவணை விதைப்புச் செலவுக்குப் போனதாகக் கொள்ளுங்கள். அடுத்த தவணைகள் கட்ட வேண்டாம். அடுத்த வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிக்கட்டலாம் என்று சம்சாரியே சொன்னால் ஏற்றுக்கொள்ளுங்கள். நீங்களாக வற்புறுத்த வேண்டாம். முதல் தவணையை இழந்தால் தாங்கமுடியாது என்ற நிலையில் இருக்கிறவர்கள் சேராமல் இருப்பதே மேல்.

13. காப்பீடு கட்டியாயிற்றா?
பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016-இல் வந்தது. ராபி பருவத்து உணவுப் பயிர்களுக்குச் சம்சாரி கட்டவேண்டியது காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம். மிளகாய் போன்ற தோட்டக்கலைப் பயிர்களுக்கு ஐந்து சதவீதம் வரை. அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் கொண்டுபோனால் பொதுச் சேவை மையத்திலேயே கட்டலாம். பயிருக்குப் பயிர் கடைசித் தேதி மாறும்; வேளாண் அலுவலகத்தில் கேட்டுச் சம்சாரிக்கு நினைவூட்டுங்கள். அந்தப் பிரீமியத்தைக் குழுவே கட்டிக்கொடுப்பது நல்ல யோசனை. இழப்பீடு வந்தால் அது யாருக்கு என்பதையும் தாளில் எழுதிவிடுங்கள்.

14. ஊடுபயிருக்கும் பங்கு கேளுங்கள்
மிளகாயோடு மல்லியும் சின்ன வெங்காயமும் சேர்த்துப் போடுவதும், பருத்திக்குள் உளுந்து ஊன்றுவதும், பொழி ஓரத்தில் ஆமணக்கு வைப்பதும் இங்கே பழைய வழக்கம். ஒன்று போனால் ஒன்று கைகொடுக்கும். நீங்கள் ஒரே பயிரில் பங்கு வைத்தால் அந்தப் பாதுகாப்பு உங்களுக்குக் கிடைக்காது. வத்தல் ஆறு கிலோ என்று பேசும்போதே, அதே காட்டின் மல்லியையும் வெங்காயத்தையும் சேர்த்துப் பேசிவிடுங்கள்.

எப்போது என்ன வரும்

15. இந்தப் பட்டியலைச் சமையலறையில் ஒட்டிவையுங்கள்
ஐப்பசி, கார்த்திகை: காட்டுக்கீரைகள், அதலைக்காய், மிதுக்கங்காய்.
மார்கழி, தை: பாசிப்பயறு, உளுந்து, பனங்கிழங்கு.
தை, மாசி: கம்பு, குதிரைவாலி, சோளம், மல்லி, சின்ன வெங்காயம்.
மாசி முதல் சித்திரை வரை: மிளகாய் வத்தல்.
பங்குனி முதல் ஆனி வரை: பதநீர், நுங்கு, கருப்பட்டி.
மழை தள்ளிப்போனால் இதுவும் இரண்டு மூன்று வாரம் தள்ளும். ஆவணி, புரட்டாசியில் எதுவும் வராது. அது சம்சாரி விதைக்கும் காலம்.

16. எடுத்து வரும் வேலையை ஒரு வீட்டிடம் ஒப்படையுங்கள்
பத்து வீடும் தனித்தனியாகப் போய் வாங்கினால் பெட்ரோல் காசில் உளுந்தே வாங்கிவிடலாம். களத்தில் இருந்து ஒரே லோடு ஆட்டோவில் ஒரு வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் தராசு வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டுக்காரருக்கு இரண்டு கிலோ கூடுதல் என்று வைத்துக்கொள்ளலாம். அறுவடைக்கு அறுவடை வீட்டை மாற்றுங்கள். சாக்கையும் தூக்குவாளியையும் திருப்பிக் கொடுத்துவிட மறக்க வேண்டாம்.

17. அதலைக்காய் வந்த அன்றே அடுப்பில்
பாகற்காயின் சின்னத் தங்கச்சி போல இருக்கும் அதலைக்காயை யாரும் விதைப்பதில்லை. மழை பெய்ததும் கரிசல் காட்டில் கிழங்கில் இருந்து தானாகக் கொடி ஓடும். விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக்காரர்கள் இதற்காக வருஷம் முழுக்கக் காத்திருப்பார்கள். ஈரம் பட்டால் காய் வெடித்துவிடும் என்பதால் முன்கூட்டியே கழுவி வைக்காதீர்கள். காற்றாட முறத்தில் பரப்பி வையுங்கள். சமைக்கும் நேரத்தில் காம்பையும் முனையையும் கிள்ளி, நல்லெண்ணெயில் வெங்காயத்தோடு வதக்குங்கள். கசப்பு பிடிக்காதவர்களுக்குப் புளிக்குழம்பில் போட்டுக் கடைசியில் ஒரு துண்டு கருப்பட்டி சேருங்கள்.

18. மிதுக்கங்காயும் கீரையும்
மிதுக்கங்காயைக் கீறி, உப்புப் போட்ட மோரில் ஒரு ராத்திரி ஊறவைத்து, வெயிலில் காயவைத்தால் வருஷம் முழுக்க வத்தல். மழைக்கால வெயிலை நம்பாமல், மேகமாக இருந்தால் மோரில் இருந்து எடுத்து விசிறிக்கடியில் பரப்புங்கள். சீனியவரைக்காய் மிஞ்சினாலும் இதே பக்குவம்தான். தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, சாரணைக்கீரை எல்லாம் களை எடுக்கும்போது மடியில் கட்டிக்கொண்டு வருபவை. அவற்றுக்கு விலை பேசாதீர்கள். களை எடுக்கும் அக்காமாருக்கு அந்தக் கீரை அடையாளம் தெரியும். நமக்குத் தெரியாத கீரையைக் கேட்காமல் சமைக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்த பிறகு

19. பயறைக் கடித்துப் பாருங்கள்
சாக்கை அவிழ்த்ததும் நாலு உளுந்தை எடுத்துப் பல்லில் வைத்துக் கடியுங்கள். 'டக்'கென்று உடைந்தால் காய்ந்திருக்கிறது. நசுங்கினால் ஈரம் இருக்கிறது. மொட்டை மாடியில் இரண்டு மூன்று வெயில் காட்டுங்கள். சூடு ஆறிய பிறகே டப்பாவில் போட வேண்டும். இயந்திரத்தில் அடித்த உளுந்தில் கரிசல் மண் உருண்டைகள் கலந்திருக்கும். நிறமும் உருவமும் உளுந்து மாதிரியே இருப்பதால் கண்ணுக்குத் தப்பிவிடும். சல்லடையில் ஒருமுறை சலித்து, ஊறவைக்கும் முன் இரண்டு மூன்று தண்ணீரில் கழுவினால் கரைந்து போகும்.

20. பயறு வண்டை முந்திக்கொள்ளுங்கள்
கடைச் சாமானில் வண்டு குறைவாக இருப்பது ஏன்? கிட்டங்கியில் புகை போட்டிருப்பார்கள். நம் பயறில் அது இல்லை. காட்டில் இருக்கும்போதே வண்டு காயில் முட்டை வைத்துவிடும். பயறின்மேல் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அதுதான். வெயிலில் நன்றாகக் காய்ந்த முழுப்பயறுக்கு கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி விளக்கெண்ணெய் விட்டு, ஒவ்வொரு பயறிலும் பளபளப்பு ஏறும்படி புரட்டிவைத்தால் வண்டு முட்டை வைக்கச் சிரமப்படும். துவரைக்குச் செம்மண் கட்டி வைப்பது பழைய பக்குவம். பருப்பாக உடைத்துவிட்டால் வண்டுத் தொல்லை குறையும். ஆனால் உடைத்தால் பத்துக் கிலோவுக்கு ஏழு, ஏழரை கிலோதான் தேறும் என்பதை வருஷக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். தொலி உளுந்தாகவே வைத்துக்கொண்டால் உளுந்தஞ்சோறுக்கும் ஆகும், தொலியும் வீணாகாது.

21. வத்தலைக் குலுக்கிப் பாருங்கள்
நன்றாகக் காய்ந்த வத்தலைக் காதருகே குலுக்கினால் விதை சலசலக்கும். எடை கூட்டத் தண்ணீர் தெளித்தது வளையும், உள்ளே பூசணம் பிடிக்கும்; பூசணம் பிடித்ததில் நச்சு சேரும் என்பதால் கழுவிக்கூடப் பயன்படுத்தக் கூடாது. வெளுத்துப்போன சோடை வத்தலைத் தனியாகப் பொறுக்குங்கள். காம்போடு வைத்தால் நாள் தாங்கும். அரைக்கும் முன் கிள்ளிக்கொள்ளலாம். கே 1, கே 2 என்ற மிளகாய் ரகங்கள் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்தவை. கே 2 சாத்தூர் சம்பாவின் வழியில் வந்தது. பக்கத்து ராமநாதபுரத்துக் குண்டு வத்தலுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உங்கள் சம்சாரி போடுவது எந்த ரகம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நீள வத்தல் பொடிக்கு, குண்டு வத்தல் தாளிப்புக்கும் துவையலுக்கும் என்று பிரித்து வாங்கலாம்.

22. மல்லியும் வெங்காயமும்
மல்லியை உள்ளங்கையில் தேய்த்தால் வாசம் ஏற வேண்டும். வருஷ மல்லியையும் ஒரே நாளில் பொடித்துவிடாதீர்கள். முழுதாக வைத்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வறுத்து அரையுங்கள். சின்ன வெங்காயத்தைத் தாளோடு கொத்துக் கொத்தாகக் கட்டிக் காற்றோட்டமான இடத்தில் தொங்கவிட்டால் மாதக்கணக்கில் இருக்கும். பாலித்தீன் பையில் கட்டினால் வாரத்தில் வேர்த்து அழுகும். முளைவிட்டதை அப்படியே தொட்டியில் ஊன்றினால் வெங்காயத்தாள் கிடைக்கும்.

23. தானியத்தில் இரண்டு சாதி
கம்பும் சோளமும் உமியில்லாமல் வருபவை. புடைத்து, இடித்து அப்படியே சமைக்கலாம். குதிரைவாலிக்கு உமி உண்டு, தீட்டினால்தான் அரிசி. பத்துக் கிலோ குதிரைவாலிக்குச் சுமார் ஆறு கிலோ அரிசி என்று கணக்கு வையுங்கள். அரிசியாக வாங்குகிறோமா, உமியோடு வாங்குகிறோமா என்பதை விலை பேசும்போதே தெளிவாக்குங்கள். உமியோடு இருக்கும்வரை வருஷங்கள் கூடத் தாங்கும். தீட்டினால் இரண்டு மாதத்துக்குள் தீர்ப்பது நல்லது. கம்பு மாவில் எண்ணெய்ச் சத்து அதிகம் என்பதால் சீக்கிரம் கசப்பு ஏறிவிடும். ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரையுங்கள்.

24. கருப்பட்டிக்கும் பங்கு உண்டு
வேம்பார் பக்கம் பனையேறுகிறவர்களுக்கும் முன்பணம் தேவைப்படும் காலம் உண்டு; மாசியில் கொடுத்தால் சித்திரையில் கருப்பட்டி வரும். மழைக்காலத்தில் கருப்பட்டி ஈரத்தை இழுத்துக் கசியும். பனையோலைக் கொட்டானோடு மண்பானைக்குள் வைத்து வாயைத் துணியால் கட்டி, அடுப்படிச் சூடு படும் இடத்தில் வையுங்கள். காய்ச்சும்போது தண்ணீரில் கரைத்து வடிகட்டிய பிறகே பாலில் சேருங்கள். மண்ணும் தூசியும் அடியில் தங்கும், பாலும் திரியாது.

25. முதல் வருஷம் சிறிதாக, சித்திரையில் கணக்கு
முதல் வருஷம் உளுந்தும் வத்தலும் போதும். இரண்டும் எந்த வீட்டிலும் தீர்ந்துபோகும், நாள் தாங்கும், சுவை வித்தியாசமும் உடனே தெரியும். பிள்ளைகள் கம்பு சாப்பிட மாட்டார்கள் என்றால் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். சித்திரையில் எல்லோரும் சம்சாரி வீட்டிலோ உங்கள் தெருவிலோ ஒருநாள் கூடி, எத்தனை கிலோ பேசினோம், எத்தனை கிலோ வந்தது, எவ்வளவு கெட்டது, பேசிய விலை அவருக்குக் கட்டுப்படியாயிற்றா என்று நான்கே கேள்விகளில் கணக்குப் பாருங்கள். கட்டவில்லை என்று அவர் சொன்னால் விலையை உயர்த்துங்கள். உங்களுக்குக் கட்டவில்லை என்றால் அளவைக் குறையுங்கள். அடுத்த வருஷம் யார் இருக்கிறார்கள், யார் விலகுகிறார்கள் என்பதை ஆனிக்குள் சொல்லிவிட வேண்டும். எத்தனை ஏக்கரில் எதை விதைப்பது என்று ஆடியில் அவர் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.